லெய்டனில் ஒரு நன்றி நாள்

முதல் நாள்: நவம்பர் 27, புதன்

ரயில் ராட்டர்டாமைத் தாண்டிவிட்டது. மணி ஐந்தரைகூட ஆகவில்லை, வெளியே கும்மிருட்டு. மடியில் இருக்கும் துணிப்பையில் துருக்கிக் கடையில் வாங்கிய மக்காச்சோள மாவு, ஒரு கட்டு சேஜ் இலை, வீட்டில் வறுத்துப் பொடித்த மிளகும் சோம்பும் இருக்கின்றன. எதிர் இருக்கையில் மகள். நாளை தேங்க்ஸ்கிவிங், அமெரிக்கர்களின் நன்றி நாள். அதைக் கொண்டாடத்தான் ஐந்தோவனிலிருந்து லெய்டனுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சி எடிசனில் 13 வருடம் இருந்தோம். பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே பிறந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் கணவரின் வேலைக்காக நெதர்லாந்து வந்தோம். அமெரிக்காவில் இருந்தவரை தேங்க்ஸ்கிவிங் என்றால் எனக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு, தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து ஒரு வீட்டில் கூடிச் சாப்பிடுவது, அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு அமெரிக்கப் பாட்டி இருந்தார். நாங்கள் குடிவந்த முதல் நவம்பரில் கதவைத் தட்டி, "வியாழக்கிழமை மத்தியானம் வீட்டில் யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது, வாருங்கள்" என்று கூப்பிட்டார். அதன்பின் வருடா வருடம் மத்தியானம் அவர் வீடு, சாயங்காலம் நம் ஆட்கள் வீடு என்று ஆகிப்போனது. பிள்ளைகள் அவரைப் பாட்டி என்றேதான் கூப்பிடுவார்கள். அந்தத் தமிழ்ச் சொல்லை அவருக்கு மிகவும் பிடிக்கும்.

நாங்கள் கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் எண் எழுதிக் கொடுத்தார். அவருடைய மகள் லெய்டனில் ஒரு டச்சுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு 20 வருடத்துக்கு மேலாக இருக்கிறாராம். போன வசந்தத்தில் பாட்டி காலமாகிவிட்டார். செய்தி சொல்ல அழைத்த மகள், "இந்த வருடம் அம்மா செய்வது மாதிரியே செய்யப்போகிறேன், வருவீர்களா?" என்று அப்போதே கேட்டார்.

வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் இதே நாளில் ஐந்தோவனில் எல்லாரும் வேலைக்குப் போனார்கள், குப்பை வண்டி வந்தது, மழை பெய்தது. பள்ளி விட்டு வந்த மகள் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் வாசலிலேயே நின்று, "அம்மா, இன்றைக்கு என்ன நாள் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரியாது" என்று அழுதுவிட்டாள். 13 வருடம் நான் ஒரு லீவு நாளாக நினைத்திருந்தது அவளுக்கு என்னவாக இருந்தது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவளுக்கு இப்போது பரீட்சை வாரம் முடிந்து இரண்டு நாள் விடுமுறை. மகனுக்குத்தான் சிக்கல். இங்கே ஐந்து வயது ஆகிவிட்டால் பள்ளிக்குப் போயே ஆகவேண்டும் என்று சட்டம். இடையில் கூட்டிப்போகத் தலைமையாசிரியரின் அனுமதி வேண்டும். மதப் பண்டிகை என்றால் தருவார்கள், பொங்கலுக்குத் தந்தார்கள். இதற்குத் தரவில்லை. அமெரிக்காவின் விடுமுறை எந்த மதத்திலும் வராதே, அவர் சொன்னதும் சரிதான். ஆகவே மகனும் அவன் அப்பாவும் நாளைப் பள்ளி விட்டதும் ரயில் பிடித்து வருகிறார்கள். வெள்ளிக்கிழமை அவன் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள்.

இரவு 11 மணி. அடுக்களையிலிருந்து இப்போதுதான் வந்தேன். வான்கோழியைப் பற்றி எழுதாமல் படுக்க முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இந்த நாட்டில் முழு வான்கோழி சுலபமாகக் கிடைக்காது. கோழி, வாத்து, முயல் விற்கும் கடையில் பாட்டியின் மகள், இப்போது என் தோழி, மூன்று வாரம் முன்பே ஆறு கிலோவில் ஒன்று சொல்லிவைத்திருந்தார். கொடுத்தது கிட்டத்தட்ட ஒன்பது கிலோ. டச்சு வீட்டு ஓவனோ சின்னது. அமெரிக்காவில் பாட்டி வீட்டு ஓவனுக்குள் ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாம். இங்கே பறவையை உள்ளே தள்ளினால் கால் இரண்டும் வெளியே நிற்கின்றன. தோழி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அம்மாவின் முறைப்படி செய்யவேண்டும் என்று வந்த முதல் வருடமே இப்படி ஆகிவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கத்தியைக் கொடுங்கள்" என்றேன். கோழிக்கறி வெட்டிப் பழகிய கைதானே. பறவையைக் கவிழ்த்துப் போட்டு, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பெரிய கத்தரியால் வெட்டி எடுத்தேன். நாட்டுக்கோழி எலும்பு மாதிரி இரண்டு பங்கு கெட்டி. அப்புறம் நிமிர்த்திப் போட்டு, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து முழு எடையையும் கொடுத்து அமுக்கினால் 'மளுக்' என்று ஒடிந்து தட்டையாக விரிந்தது. கால்களைத் தொடையோடு பிரித்து எடுத்தேன். நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரலை மெல்ல விட்டால் பை மாதிரி திறக்கும், கிழியாமல் செய்ய வேண்டும். அதற்குள் வெண்ணெய், நறுக்கிய சேஜ், உப்பு மூன்றையும் தோழி தன் கையால் தடவினார். அது அவர் அம்மாவின் முறை. "கால் இரண்டையும் நீ உன் முறையில் செய்" என்று என்னிடம் கொடுத்தார். இஞ்சி, பூண்டு, என் மிளகு சோம்புப் பொடி, தயிர் போட்டுப் பிசைந்து வைத்திருக்கிறேன். முதுகெலும்பு வெங்காயத்தோடு பெரிய பானையில் மெல்லிய தீயில் கொதிக்கிறது. நாளைக் குழம்புக்கு அதுதான் சாறு.

இந்தப் பறவைக்கு டச்சில் கல்கூன் என்று பெயர். தோழியின் கணவர் சொல்லித்தான் தெரியும், அந்தப் பெயர் நம் கள்ளிக்கோட்டையிலிருந்து வந்ததாம். அமெரிக்கக் கண்டத்துப் பறவை ஐரோப்பாவுக்கு வந்த 16ஆம் நூற்றாண்டில், புதிதாக எது வந்தாலும் இந்தியாவிலிருந்து வந்தது என்று நினைத்த காலம். கள்ளிக்கோட்டைக் கோழி என்று பெயர் வைத்துவிட்டார்கள், அதுவே சுருங்கி நின்றுவிட்டது. என் ஊர் கள்ளிக்கோட்டைக்கு அருகில் இல்லாவிட்டாலும் அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இரண்டாம் நாள்: நவம்பர் 28, வியாழன்

காலை 11 மணிக்குப் பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் நன்றி ஆராதனை. நெதர்லாந்தில் வாழும் அமெரிக்கர்கள் வருடந்தோறும் இந்த நாளில் இங்கே கூடுகிறார்கள். இந்த ஊர், இந்தத் தேவாலயம் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் கதையில் வரும் பில்கிரிம்கள், அமெரிக்காவில் குடியேற மேஃப்ளவர் கப்பலில் ஏறுவதற்கு முன் இந்தத் தெருக்களில்தான் வாழ்ந்தார்கள்.

இங்கிலாந்தில் அரசர் சொன்ன சபையை ஏற்காததால் துரத்தப்பட்டவர்கள் அவர்கள். 1608ல் ஆம்ஸ்டர்டாம் வந்து, 1609ல் சுமார் 100 பேராக லெய்டனில் குடியேற அனுமதி கேட்டார்கள், நகரம் கொடுத்தது. ஊரில் உழவு பார்த்தவர்கள் இங்கே கம்பளி சீவினார்கள், தறி நெய்தார்கள். பின்னாளில் அமெரிக்காவில் அவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்துக்கு ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்டும் இந்த ஊரில் நெசவாளிதான். அவர்களுடைய போதகர் ஜான் ராபின்சன் வீடு இந்தத் தேவாலயத்துக்கு எதிரிலேயே இருந்தது. 1625ல் இறந்தபோது அவரை உள்ளே புதைத்தார்கள்.

உள்ளே போனால் ஒரே குளிர். தரை முழுக்கக் கல்லறைப் பலகைகள், அவற்றின் மேல் வரிசையாக நாற்காலிகள். இப்போது இங்கே வாராந்திர வழிபாடு கிடையாது, பல்கலைக்கழக விழாக்கள் நடக்கும் மண்டபமாக இருக்கிறது. இன்று நிரம்பியிருந்தது. கோட்டைக் கழற்றாமலேயே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரு பாட்டி பூசணி நிறத்தில் சால்வை போட்டிருந்தார். அமெரிக்கத் தூதரகத்தின் சார்பில் ஒருவர் ஜனாதிபதியின் நன்றி நாள் அறிவிப்பை வாசித்தார். 1863ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போது லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். அதிலிருந்து தொடரும் வழக்கம் இது.

பிறகு எல்லாரும் எழுந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். மகள் எடிசன் பள்ளியில் பாடிய அதே நன்றிப் பாட்டு. தோழியின் கணவர் என் காதருகில், "இது எங்கள் பாட்டு" என்றார். உண்மைதான். 1597ல் டர்ன்ஹவுட்டில் ஸ்பானியப் படையைத் தோற்கடித்ததற்காக டச்சு மொழியில் எழுதப்பட்டு, 1626ல் வலேரியஸ் என்பவரின் தொகுப்பில் அச்சானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆங்கிலத்துக்குப் போனது. என் ஒரு பக்கம் மகள் ஆங்கிலத்தில் பாடினாள், மறு பக்கம் அவர் அதே மெட்டில் டச்சில் பாடினார். எனக்கு இரண்டு வரிகளும் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு கேட்டபடி நின்றேன். எடிசன் பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மகள் சுவரில் இருக்கும் வெண்கலப் பலகையைப் படித்தாள். ராபின்சன் நினைவாக 1891ல் அமெரிக்கச் சபையார் வைத்தது. படித்துவிட்டு, "அம்மா, வாம்பனோவாக்குகளைப் பற்றி இன்றைக்கு யாராவது பேசினார்களா?" என்று கேட்டாள். பில்கிரிம்கள் போய் இறங்கிய மண்ணின் பூர்வகுடிகள் அவர்கள். அவளுக்குப் பள்ளியில் இரண்டு பக்கமும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படும் 1621 அறுவடை விருந்தில் ஆங்கிலேயர் ஐம்பது பேர் இருந்தால், மஸ்ஸசோய்ட் தலைமையில் வந்த வாம்பனோவாக் ஆண்கள் 90 பேர். மூன்று நாள் நடந்த விருந்துக்கு ஐந்து மான் வேட்டையாடிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டத்தின் கிராமம் அதற்குச் சில வருடம் முன்புதான் கொள்ளைநோயில் மொத்தமாக அழிந்திருந்தது. பிளிமத்தில் 1970லிருந்து பூர்வகுடி மக்கள் இதே வியாழக்கிழமையைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். "நன்றி சொல்லும்போது அவர்களையும் சொல்லலாம்" என்றாள். சாயங்காலம் நீயே சொல் என்றேன்.

நெஞ்சுப் பகுதி இரண்டு மணி நேரத்தில் வெந்துவிட்டது. தட்டையாக்கியதில் அது ஒரு லாபம், முழுசாக வைத்திருந்தால் நாலு மணி நேரம் ஆகியிருக்கும். தோல் கருஞ்சிவப்பாக, விரலால் தட்டினால் அப்பளம் மாதிரி சத்தம் கேட்டது. கிரான்பெர்ரி சாஸ் டெர்ஸ்கெல்லிங் என்ற டச்சுத் தீவில் விளைந்த பழத்தில் செய்தது. 1840 வாக்கில் கரையொதுங்கிய ஒரு பீப்பாயைக் கண்டெடுத்தவர், உள்ளே சாராயம் இல்லாமல் வெறும் பழம் இருந்ததால் அங்கேயே கொட்டிவிட்டுப் போனார், அது முளைத்துத் தீவெங்கும் பரவியது என்று அங்கே சொல்கிறார்கள். பூசணிப் 'பை' என்ற இனிப்புக்கு டப்பாவில் அடைத்த விழுது கடையில் கிடைக்கவில்லை. மகள் சிவப்புப் பூசணியைச் சுட்டு, மசித்து, ராத்திரி முழுக்கத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் சேர்ந்த ஸ்பெகுலாஸ் மசாலா எந்த டச்சு வீட்டிலும் நவம்பரில் இருக்கும். அதைத்தான் போட்டாள். எடிசனில் சாப்பிட்ட பூசணிப் பையைவிட இது வாசனை என்று நான் சத்தியமாகச் சொல்வேன்.

ஆறு மணிக்கு மகனும் கணவரும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். மேஜையில் 11 பேர். தோழியின் மாமியாருக்கு 82 வயது. ஒரு கனத்த பானையை மடியில் வைத்துக் காரில் கொண்டுவந்திருந்தார். திறந்தால் ஹட்ஸ்பாட், காரட்டும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்தது. "லெய்டனுக்கு நன்றி நாள் அக்டோபர் 3" என்றார். 1574ல் ஸ்பானியப் படை ஊரை முற்றுகையிட்டு, உள்ளே சனங்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, அணைகளை உடைத்துக் கடல்நீரை வயலுக்குள் விட்டு, அந்த வெள்ளத்தின் மேல் படகில் வந்து ஊரை மீட்டார்கள். ஸ்பானியர் விட்டுப்போன முகாமில் ஒரு அநாதைச் சிறுவன் கண்டெடுத்த பானையில் இந்தக் கூட்டுதான் இருந்தது என்பது ஊர்க்கதை. அந்தப் பானை லாகன்ஹால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்றும் அக்டோபர் 3 காலையில் ஊரார் வரிசையில் நின்று ஹெர்ரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வாங்குகிறார்கள். பில்கிரிம்கள் இந்தக் கொண்டாட்டத்தைப் பல வருடம் பார்த்திருப்பார்கள்.

சாப்பிடுவதற்கு முன் ஆளுக்கொரு நன்றி சொல்வது பாட்டி வீட்டு வழக்கம். தோழி அம்மாவுக்குச் சொன்னார், குரல் உடைந்தது. மகள் வாம்பனோவாக்குகளுக்குச் சொன்னாள். மகன், ரயில் தாமதமாகாததற்கு. மாமியாரின் முறை வந்தது. இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்து பட்டினி கிடந்த 1944 குளிர்காலத்தில் அவர் இரண்டு வயதுக் குழந்தை. அவருடைய அம்மா துலிப் கிழங்கை வேகவைத்து மசித்து ஊட்டினாராம். "எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா சாகும்வரை துலிப் பூவை வீட்டுக்குள் வைக்கவிடவில்லை, அதுதான் ஞாபகம்" என்றார். பிறகு என் மிளகு போட்ட காலிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு, "இது யாருடைய சமையல்? இதற்கு நன்றி" என்றார்.

மூன்றாம் நாள்: நவம்பர் 29, வெள்ளி

காலையில் மிச்சக் கறியை ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஊர் சுற்றினோம். ராபின்சன் வீடு இருந்த இடத்தில் இப்போது ஜான் பெசைன் ஹோஃப்யே, 1683ல் கட்டிய முதியோர் குடியிருப்பு. நடுவில் சின்ன முற்றம். ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்தது ஹார்லெமர் வீதிக்குப் பக்கத்தில் இடிந்து நிற்கும் வ்ராவகெர்க். அங்கே வழிபட்ட வாலூன் சபையில், அதாவது பிரெஞ்சு பேசும் புராட்டஸ்டன்ட் சபையில், இருந்தவர் ஃபிலிப் டி லானுவா. 1621ல் பிளிமத் போனார், பெயர் டெலானோ என்று மாறியது. ஃபிராங்க்ளின் டெலானோ ரூஸ்வெல்ட் அவர் வம்சம். நவம்பர் நான்காம் வியாழன்தான் தேங்க்ஸ்கிவிங் என்று 1941ல் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அதே ரூஸ்வெல்ட்தான். கடைத்தெருவுக்குள் அந்த இடிந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நேற்று நாங்கள் மேஜையில் உட்கார்ந்த தேதியே இந்த ஊர்ப் பிள்ளை ஒருவரின் பேரன் வைத்தது என்று தோன்றி எனக்குச் சிலிர்த்தது.

லெய்டன் வந்த தமிழர் யாரும் செய்வதை நாங்களும் செய்தோம். பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் போய் நின்றோம். சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் அப்போது இங்கேதான் இருந்தன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஊர் தானம் கொடுத்த பெரிய செப்பேடு 21 ஏடுகள், அதில் 16 தமிழ். நினைத்தபோது போய்ப் பார்க்கிற பொருளாக அது இருக்கவில்லை. வாசலில் நின்று, "இதற்குள் ஆயிரம் வருடத் தமிழ் இருக்கிறது" என்று கணவர் மகனிடம் சொன்னார். "அது எப்போது ஊருக்குப் போகும்?" என்று அவன் கேட்டான். அவரிடம் பதில் இல்லை.

நான்காம் நாள்: நவம்பர் 30, சனி

தோழி மிச்ச வான்கோழியை நாலு டப்பாவில் கட்டிக் கொடுத்தார். கூடவே பாட்டியின் கையெழுத்தில் இருந்த சமையல் குறிப்பின் நகல். ஓரத்தில் வெண்ணெய்க் கறைகூட நகலில் தெரிகிறது.

வீட்டுக்கு நேராகப் போகாமல் ராட்டர்டாமில் இறங்கி டெல்ஃப்ஸ்ஹாவன் போனோம். 1620 ஜூலையில் பில்கிரிம்கள் ஸ்பீட்வெல் என்ற கப்பலில் ஏறிய துறை இது. இங்கிலாந்து போன பிறகுதான் மேஃப்ளவர். சின்னத் துறைமுகம், பழைய படகுகள், கரையிலேயே தேவாலயம். நேற்று இரவு தோழி வீட்டுப் புத்தக அலமாரியில் படித்தது மனசிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அடைக்கலம் கொடுத்த ஊரைவிட்டு ஏன் போனார்கள்? உழைப்புக் கடுமை, வறுமை, மறுபடி வரப்போகும் ஸ்பானியப் போர் எல்லாம் காரணம். அவர்களில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ 1646ல் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். இங்கேயே இருந்தால் நம் மொழியையும் ஆங்கிலேயர் என்ற பெயரையும் இழந்துவிடுவோம் என்ற பயம். பிள்ளைகள் டச்சுக்காரர்களாகிக்கொண்டிருந்தார்கள்.

இதை எத்தனை தமிழ் வீடுகளின் சாப்பாட்டு மேஜையில் கேட்டிருக்கிறேன்! நானே சொல்லியிருக்கிறேன், எடிசனில் ஒரு மாதிரி, ஐந்தோவனில் ஒரு மாதிரி.

எல்லாரும் போகவில்லை. சபையில் பெரும்பாலோர் லெய்டனிலேயே தங்கினார்கள், ராபின்சன் உட்பட. பிராட்ஃபோர்டும் அவர் மனைவி டோரத்தியும் தங்கள் சின்ன மகன் ஜானை இங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். டிசம்பரில், அமெரிக்கக் கரை கண்ணெதிரே இருக்கும்போது, டோரத்தி கப்பலிலிருந்து விழுந்து மூழ்கிப்போனார். பையன் அப்பாவைப் போய்ச் சேர்ந்தது வருடங்கள் கழித்துத்தான். இதை மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, என் கையைக் கோட்டுப் பைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். குளிர்ந்த வான்கோழி, மிளகுக் கால், கடைசி விள்ளல் பூசணிப் பை. நாயோடு போன ஒரு வயதானவர் நின்று எங்களிடம் ஏதோ கேட்டார். மகன் எழுந்து பதில் சொன்னான். கல்கூன் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது, மற்றதெல்லாம் வேகமாக ஓடியது. அவர் சிரித்துக்கொண்டே அவன் தலையைத் தட்டிவிட்டு நடந்தார்.

"என்னடா கேட்டார்?"

"பிக்னிக்குக்கு இது நேரமான்னு கேட்டாரும்மா. அமெரிக்காவுல எங்களுக்கு ஒரு பண்டிகை, எங்க பாட்டி செய்யறதுன்னு சொன்னேன்."